சுரங்கம் வருமுன் கிணற்றை அளந்து வையுங்கள்

போன மே மாதம் உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது? அதற்கு முந்தைய மே மாதம்? யோசித்துப் பாருங்கள். "அடியில் கிடந்தது", "மோட்டார் ஒரு மணி நேரம்தான் ஓடியது" என்ற பதில்கள் வரும். அடிக்கணக்கு வராது. உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் ரசீது வைத்திருக்கும் நாம் தண்ணீருக்குக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

இந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொள்ளும்படி ஆனது ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில். வேறொரு மாவட்டத்தில், ஒரு சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காக நடந்த கூட்டம் அது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் எழுந்து, "சுரங்கம் வந்த பிறகு என் கிணறு வற்றிவிட்டது" என்றார். மேடையிலிருந்து மரியாதையாகத்தான் கேட்டார்கள்: "சுரங்கம் வருமுன் எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது, ஐயா? எந்த வருடம்? எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?" அவர் கையை மார்பளவு உயர்த்திக் காட்டி, "இவ்வளவு ஆழத்தில் கிடக்கும், கயிறே வேண்டாம், குனிந்து மொண்டு குடிப்போம்" என்றார். அவர் சொன்னது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைய பதிவேட்டில் "கிணறு வற்றியதாகக் கூறினார்" என்ற ஒரு வரிதான் ஏறியது. நிறுவனத்தின் அறிக்கையிலோ பக்கம் பக்கமாக அட்டவணை இருந்தது.

செட்டிநாட்டில் நிலக்கரிச் சுரங்கம் எங்கே இருக்கிறது, இதை ஏன் எங்களுக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். இங்கே இல்லைதான். சிவகங்கை நகரை ஒட்டி டாமின் நிறுவனத்தின் கிராபைட் சுரங்கம் இருக்கிறது. அது திறந்தவெளிக் குழி; நிலக்கரியும் அல்ல. மாவட்டத்தில் கல் குவாரிகளும் செம்மண், சவடு குழிகளும் உண்டு. ஆனால் நம் காலுக்குக் கீழே இருக்கும் பாறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடினப் பாறை. கிழக்கே, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வந்தால் மேலே செம்புராங்கல், அதன் கீழே மணற்கல். காரைக்குடிக்குப் பல தலைமுறைகளாக நல்ல தண்ணீர் தரும் சம்பை ஊற்று இந்த மண்ணின் கொடை. இந்த மணற்கல்லைப் புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்பார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி படிந்திருப்பதும், அதற்கு மேலும் கீழும் தண்ணீர் நிற்பதும் இதே கடலூர் மணற்கல் குடும்பத்தில்தான். நாட்டின் பழுப்பு நிலக்கரி இருப்பில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நெய்வேலி, ஜெயங்கொண்டம், மன்னார்குடி மட்டுமல்ல. நமக்குத் தெற்கே இராமநாதபுரம் படுகையிலும் ஆய்வுத் துளைகள் போட்டு, பழுப்பு நிலக்கரி இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

2020-இல் தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் காக்கிறது. 2023 மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு வைத்த பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்று மூன்று தமிழகப் பகுதிகள் இருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் அவை நீக்கப்பட்டன. அந்தச் சட்டத்தின் எல்லை நமக்குப் பக்கத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் வரை வருகிறது. சிவகங்கைக்குள் நுழையவில்லை. நாளைக்கே சுரங்கம் வந்துவிடும் என்று பயமுறுத்துவது என் நோக்கம் அல்ல. வந்த பிறகு அளக்கத் தொடங்கினால் "முன்பு எப்படி இருந்தது" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. அந்தப் பதிலை இப்போது மட்டும்தான் எழுத முடியும்.

நெய்வேலியின் தண்ணீர்

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்து நெய்வேலிக் கதையைத் தொடங்குவது வழக்கம். தண்ணீர் தேடிய இடத்தில் நிலக்கரி கிடைத்த கதை அது. நிறுவனம் 1956-இல் பதிவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல்தான் நிலக்கரிப் படிவம் கண்ணில் பட்டது. இடையில் பொறியாளர்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது தண்ணீர். நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் இருந்த மணற்கல்லில் நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருந்தது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம். அதாவது 60 முதல் 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றி நிறுத்தும் வலு. மேலே இருக்கும் மண்ணை அள்ளிவிட்டால், அந்தத் தண்ணீர் நிலக்கரியைப் பெயர்த்துக்கொண்டு குழிக்குள் பொங்கிவிடும். அதனால் குழியைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகல் நிறுத்தாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் வெட்ட முடிந்தது. இறைப்பு இன்றைக்கும் தொடர்கிறது.

ஒரு விவசாயி இதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திறந்த கிணற்றில் நீங்கள் இறைத்தால், அதன் பாதிப்பு பக்கத்துக் கிணற்றுக்குப் போகவே நாளாகும். அழுத்தத்தில் அடைபட்ட நீர் அப்படி அல்ல. சைக்கிள் டியூபில் ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் டியூப் முழுவதும் தளர்வதைப் போல, அழுத்தக் குறைவு கிலோமீட்டர் கணக்கில் வேகமாகப் பரவும். முதலில் ஆழ்துளைக் கிணறுகளில் தெரியும். மேலாக இருக்கும் வெட்டுக் கிணறுகளில் வெகுநாள் எதுவும் தெரியாது. "என் கிணறு நன்றாகத்தானே இருக்கிறது" என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதில் பொய் இல்லை. அவர் வேறு அடுக்கின் தண்ணீரைப் பார்க்கிறார்.

இறைத்த தண்ணீர் வீணாகப் போகிறது என்றும் சொல்ல முடியாது. அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது. சென்னை வறண்ட காலங்களில் நெய்வேலிப் பகுதி நிலத்தடி நீர் வீராணம் குழாய் வழியாகத் தலைநகருக்கும் போயிருக்கிறது. வாலாஜா ஏரிக்குச் சுரங்க நீர் ஆண்டு முழுவதும் வந்து பாசனத்துக்கு உதவியது. கூடவே வந்த வண்டல் அந்த ஏரியைத் தூர்த்தும் விட்டது. பின்னர் தூர் வாரினார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றை மாற்றி விடும் கால்வாய்க்காக, நட்டு வளர்ந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். சுரங்கம் நிலத்தடி நீரை மட்டும் தொடுவதில்லை. ஓடை, ஏரி, வரத்துக்கால் எல்லாவற்றையும் தொடும். ஆகவே கண்காணிப்பும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும்.

பூமிக்குள் குடைந்தால்

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். ஜார்க்கண்டின் ஜாரியா, வங்கத்தின் ராணிகஞ்ச், தெலங்கானாவின் சிங்கரேணி ஆகிய இடங்களில் பூமிக்கடியில் குடைந்து எடுப்பதும் உண்டு. அங்கே தண்ணீருக்கு நடப்பது வேறு மாதிரி. நிலக்கரியை எடுத்த இடத்தில் கூரை சரியும். சரிந்த பாறைக்கு மேலே உள்ள பாறை விரிசல் விடும். விரிசல் நீர்தாங்கி அடுக்கைத் தொட்டால் கிணற்று நீர் கீழே இறங்கிவிடும். நிலத்தின் மேற்பரப்பு தாழும். ஏரியின் தரையில் கீறல் விழுந்தால் மழை பெய்தும் தண்ணீர் நிற்காது. மேலே பார்ப்பவருக்குச் சுரங்கம் இருப்பதே தெரியாது. வயலும் மரமும் அப்படியே இருக்கும். கிணற்றில் மட்டும் தண்ணீர் இருக்காது.

சுரங்கத்தை மூடி, இறைப்பை நிறுத்திய பிறகும் கதை முடிவதில்லை. வெற்றிடங்களில் தண்ணீர் நிரம்பும். நிலக்கரியோடு இருக்கும் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும். மேகாலயாவின் ஜைந்தியா மலையில் எலிவளைச் சுரங்கங்களிலிருந்து வடிந்த அமில நீரால் ஆறுகளில் மீன் இல்லாமல் போனது. 2014 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சுரங்கமுறைக்குத் தடை விதித்தது. அமில நீர் சேர்ந்த கோபிலி ஆற்றில், அசாமில் உள்ள நீர்மின் நிலையத்தின் இரும்புப் பாகங்களே அரித்துப்போயின. பழைய சுரங்கத்தில் தேங்கிய நீர் எவ்வளவு கொடியது என்பதற்கு தன்பாத் அருகே சாஸ்நாலா சாட்சி. 1975 டிசம்பர் 27 அன்று பக்கத்துப் பழைய சுரங்கத்தின் நீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்ததில் 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள்.

விதி என்ன சொல்கிறது

நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது விதிக்கும் வழக்கமான நிபந்தனை ஒன்று இருக்கிறது. சுற்றிலும் உள்ள கிணறுகளையும், பீசோமீட்டர் எனப்படும் கண்காணிப்புக் குழாய்களையும் கொண்டு நீர்மட்டத்தையும் தரத்தையும் ஆண்டுக்கு நான்கு முறை அளக்க வேண்டும்: ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். அளவுகளை அமைச்சகத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணக்க அறிக்கை போட வேண்டும். நல்ல விதிதான். அளப்பது நிறுவனம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கம் தொடங்குமுன் எடுக்கும் அடிப்படை அளவு பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலும் பருவமழை அல்லாத ஒரு பருவத்தின் அளவு போதும் என்று ஆய்வு வரையறை சொல்கிறது. செட்டிநாட்டில் மார்ச் முதல் மே வரை அளந்தால் என்ன கிடைக்கும்? கண்மாய்கள் மேய்ச்சல் நிலமாகக் கிடக்கும். ஊரணியில் கால்வாசித் தண்ணீர். வெட்டுக் கிணறு தரை தட்டியிருக்கும். "இந்தப் பகுதியில் மேற்பரப்பு நீர் குறைவு" என்று அறிக்கையில் எழுதினால் எழுதியவர் பொய் சொன்னவர் ஆகமாட்டார். நவம்பர், டிசம்பரில் ஒரு கண்மாய் நிறைந்து, கலுங்கு வழிந்து, அடுத்த கண்மாய்க்குப் போகும் நீர்க்கணக்கு அந்த அறிக்கையில் இடம்பெறவே பெறாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1994-இல் ஒரு சட்டம் வந்தது. பூமிக்கடிச் சுரங்கத்தின் விளிம்பிலிருந்து மேல்நோக்கி 35 பாகை சாய்வாக ஒரு கோடு இழுத்தால், அந்த எல்லைக்குள் இருக்கும் கிணறு கெட்டுப்போனால் காரணம் சுரங்கம் என்றே முதலில் வைத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. நம் ஊரில் சுமை நம் தலையில். அங்கே நிறுவனத்தின் தலையில். ஆனால் அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. சுரங்கம் தொடங்குமுன் கிணற்றை அளக்க வந்தவர்களை நிலத்துக்காரர் உள்ளே விடவில்லை என்றால் அந்தச் சலுகை கிடைக்காது. இன்னொன்று: 100 மீட்டர் ஆழச் சுரங்கத்துக்கு 35 பாகை என்றால் பக்கவாட்டில் 70 மீட்டர் மட்டுமே. பாறை விரிசலுக்கு அந்தக் கணக்கு சரி. நெய்வேலி போல அழுத்த நீர் உள்ள இடத்துக்கு அது போதவே போதாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வேறு முறை. மணற்கல் போன்ற பாறையில் நீர்மட்டம் 5 மீட்டருக்கு மேல் இறங்கும் என்று கணக்கிட்டால், கிணற்றுக்காரருக்கு ஈடு செய்யும் பொறுப்பு நிறுவனத்துக்கு வரும் வழி தொடங்கிவிடும். எந்த நாட்டுச் சட்டமானாலும் பழைய அளவு ஒன்று இல்லாமல் நகராது.

ஊருக்குள் சுரங்கம் வேண்டாம் என்று போராடுவது உங்கள் உரிமை. அதற்காக அளவை எடுப்பவர்களை விரட்டிவிட்டு, நாமும் அளக்காமல் இருந்தால் இழப்பு நமக்கு. அவர்கள் அளக்கும்போது கூடவே நின்று நம் டேப்பையும் விட்டுப் பார்த்து, இரண்டு எண்களையும் குறித்து, அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. இதை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு.

அளப்பது எப்படி

ஊருக்கு ஐந்து கிணறு போதும். ஐம்பது கிணற்றை ஒரு வருடம் அளந்து விட்டுவிடுவதைவிட ஐந்து கிணற்றைப் பத்து வருடம் அளப்பது மேல். கண்மாய்க்குக் கீழே ஒன்று, மேட்டு நிலத்தில் ஒன்று, ஓர் ஆழ்துளைக் கிணறு, குடிநீர்க் கிணறு, பிறகு அதிகம் இறைக்காத ஒரு கிணறு. இந்தக் கடைசிக் கிணறுதான் உங்களுக்கு மிகவும் உதவும். பாழடைந்த செட்டிநாட்டு வீட்டின் முற்றத்துக் கிணறு ஒன்று கிடைத்தால், சொந்தக்காரர் அனுமதியோடு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுச் சுவரின் விளிம்பில் ஓரிடத்தில் பெயின்டால் அம்புக்குறி போடுங்கள். எப்போதும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். சுவர் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். பின்னால் சுவரை உயர்த்திக் கட்டினால் அதையும் எழுத வேண்டும். டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் பூசி, நுனியில் சிறு எடை கட்டி இறக்குங்கள். நனைந்த இடம் நிறம் மாறித் தெரியும். விளிம்பில் பிடித்த அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர் நிற்கும் ஆழம். காலையில், மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். முந்தைய இரவு முழுவதும் இறைக்காமல் இருந்தால்தான் அது உண்மையான மட்டம். ஒருமுறை அளந்து நம்பிவிடாமல் இன்னொரு முறை இறக்கிப் பாருங்கள்.

ஆழ்துளைக் கிணற்றில் இது சிக்கல். மோட்டார் வயரிலும் குழாயிலும் டேப் சிக்கிக்கொள்ளும். புதிதாகக் கிணறு போடுகிறவர்கள், மோட்டார் இறக்கும்போதே பக்கத்தில் ஓர் அங்குல பிவிசி குழாயைச் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள். செலவு சொற்பம், பின்னால் பல வருடம் அளக்கலாம். அந்தக் குழாய்க்குள் இரண்டு கம்பி உள்ள வயரை இறக்கி, மேல்முனையில் 9 வோல்ட் பேட்டரியும் சிறு பஸ்ஸரும் இணைத்தால், கீழ்முனையின் இரண்டு கம்பிகளும் நீரைத் தொட்டதும் ஒலி வரும். வயரில் மீட்டருக்கு ஒரு முடிச்சு அல்லது நிற டேப் சுற்றிக்கொண்டால் போதும். வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

நோட்டில் எழுதும்போது ஒரு குழப்பம் வரும். நாம் அளப்பது விளிம்பிலிருந்து நீருக்கு உள்ள ஆழம். எண் கூடினால் மட்டம் இறங்கியிருக்கிறது. 42 அடி 48 ஆனால் ஆறடி இழப்பு. செய்தித்தாள்களிலேயே இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

கூடவே மழையையும் அளந்து வையுங்கள். மழையளவு இல்லாமல் நீர்மட்ட நோட்டுக்குப் பாதி மதிப்புதான். நம் மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அது கூடுவதும் குறைவதும் சகஜம். மழை குறைந்ததால் இறங்கிய கிணற்றைச் சுரங்கத்தின் கணக்கில் எழுதினால், எதிர்த்தரப்பு வானிலைத் துறையின் ஒரு தாளை நீட்டி உங்களை உட்கார வைத்துவிடும்.

கண்மாய்க்கும் ஊரணிக்கும்

ஊரணியில் படிக்கட்டு இருப்பதால் வேலை எளிது. எத்தனையாவது படியில் தண்ணீர் என்று எழுதினால் போதும். கண்மாயில் மடைக் கல்லில் அரை அடிக்கு ஒரு கோடு போட்டு எண் எழுதுங்கள். என்று நிறைந்தது, என்று கலுங்கு வழிந்தது, எத்தனை நாள் வழிந்தது, என்று வற்றியது என்ற தேதிகள் முக்கியம். வரத்துக்கால் எங்கே தொடங்கி எங்கே சேர்கிறது என்பதைக் கிராம வரைபடத்தில் சிவப்பு மையால் வரைந்து, மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும்போது செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கோடையில் பார்த்தால் அது வெறும் பள்ளம். குவாரி மண்ணைக் கொட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது.

கண்மாயின் தரை தண்ணீரைத் தாங்குகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மழை இல்லாத ஒரு வாரத்தில், மடை அடைத்திருக்கும்போது, கண்மாய் ஓரமாக ஒரு வாளியைத் தண்ணீர் நிரப்பி நீருக்குள் பாதி அமிழும்படி நிறுத்துங்கள். வாளியில் குறைவது ஆவியானது. கண்மாயில் குறைவது ஆவியும் கசிவும் சேர்ந்தது. வாளியில் நாளுக்கு 6 மில்லிமீட்டரும் கண்மாயில் 15 மில்லிமீட்டரும் குறைந்தால் கசிவு 9 மில்லிமீட்டர். நம் செம்மண், செம்புராங்கல் தரையில் கசிவு இருக்கத்தான் செய்யும். அந்தக் கசிவுதான் கீழே இருக்கும் கிணறுகளுக்குச் சோறு. வருடா வருடம் ஒரே அளவில் இருந்த கசிவு திடீரென்று கூடி, கீழ்க் கிணறுகளும் ஏறவில்லை என்றால் தண்ணீர் வேறெங்கோ போகிறது என்று பொருள்.

தண்ணீரின் குணம்

ஊரில் எத்தனையோ வீட்டில் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. அதில் மின்கடத்துதிறன் காட்டும் பொத்தான் இருந்தால் அதையே பாருங்கள். டிடிஎஸ் என்பது அதிலிருந்து பெருக்கிச் சொல்லும் எண். மீட்டருக்கு மீட்டர் பெருக்கம் மாறும். பாசன நீருக்கு நாம் பயன்படுத்தும் கணக்கில் மின்கடத்துதிறன் 1 டெசிசைமன் என்பது சுமார் 640 டிடிஎஸ். உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் கையேட்டின்படி பாசன நீரில் இது 1-ஐத் தாண்டினால் மிளகாய் விளைச்சல் குறையத் தொடங்கும். நெல்லும் நிலக்கடலையும் 2 வரை தாங்கும். கார அமில நிலை 6.5 முதல் 8.4 வரை இருந்தால் பயிருக்குப் பிரச்சினை இல்லை. வருடக்கணக்கில் 7.5 காட்டிய கிணறு 6-க்கு இறங்கினால் உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நிலக்கரிச் சுரங்க நீரில் முதலில் கூடும் சல்பேட் அளவைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான பாசன நீர்ச் சோதனையில் அதைச் சேர்க்காமல் விட்டுவிடுவதும் உண்டு.

இரும்பைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. கடுக்காய்த் தூளை நல்ல நீரில் ஊறவைத்து வடிகட்டிய தெளிவில் கிணற்று நீரை ஊற்றினால், இரும்பு இருந்தால் கறுக்கும். நம் வீட்டுச் சுவர்ப் பூச்சுக்குக் கடுக்காய் ஊறவைத்த கொத்தனார்களுக்கு இது தெரியும். வாய்க்காலில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோல் உடைந்து பிரிந்து நின்றால் அது இரும்புப் பாக்டீரியா. சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். செம்புராங்கல் பூமியில் இரும்பு இயற்கையாகவே இருக்கும். அதனால்தான் இன்றைய நிலையை முதலில் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

நோட்டைப் படிப்பது

சுரங்க இறைப்பால் இறங்கும் மட்டத்துக்கு ஒரு சாயல் உண்டு. சுரங்கத்துக்கு அருகில் அதிகமாகவும் தள்ளிப் போகப்போகக் குறைவாகவும் இறங்கும். நவம்பர் மழைக்குப் பிறகும் பழைய இடத்துக்குத் திரும்பாது. மழைக் குறைவால் இறங்கினால் எல்லாக் கிணறுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கி, நல்ல மழை வந்ததும் ஏறும். மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் 600 அடிக்குப் புதிதாக ஒரு துளை போட்டு, இலவச மின்சாரத்தில் நாள் முழுவதும் ஓடவிட்டாலும் உங்கள் கிணறு இறங்கும். நெய்வேலிச் சுற்றுப்புறத்திலும் இறைப்பது சுரங்கம் மட்டும் அல்ல. விவசாயிகளும் ஆழத்துக்குப் போயிருக்கிறார்கள். எது எவ்வளவு என்ற வாதத்தில் இரு தரப்பும் தத்தம் கணக்கைச் சொல்கிறது. இறைக்காத கிணறு ஒன்றைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். அதன் மட்டம் இறங்கினால் "நீங்கள் இறைத்ததால் இறங்கியது" என்று யாரும் சொல்ல முடியாது. புதிய ஆழ்துளைக் கிணறு எப்போது, யார் நிலத்தில், எத்தனை அடிக்குப் போட்டார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். நமக்குப் பாதகமானதையும் எழுதியிருக்கும் நோட்டைத்தான் அதிகாரி நம்புவார்.

நீர்வளத் துறையின் தரவு மையம் மாநிலம் முழுவதும் தேர்ந்தெடுத்த கிணறுகளை மாதந்தோறும் அளக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில் அவர்களுடைய கண்காணிப்புக் கிணறு எது என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அதன் பழைய அளவுகளை வாங்கி உங்கள் நோட்டின் முதல் பக்கங்களில் ஒட்டுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் கிடைக்கும். உங்கள் அளவுக்கு அது துணைச் சாட்சி.

மாதம் ஒருமுறை அளக்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் நான்கையும் விடாதீர்கள். மத்திய வாரியம் அளப்பதும் சுரங்க நிபந்தனை சொல்வதும் இந்த மாதங்களைத்தான். நம் கிராம சபைகள் கூடும் நாள்களைப் பாருங்கள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, நவம்பர் 1. கூட்டத்துக்கு முந்தைய வாரம் அளந்து, ஐந்து கிணறுகளின் அளவையும் ஊரணிப் படியையும் சபையில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் நோட்டு கரையான் தின்றாலும், ஊராட்சியின் கையெழுத்தும் தேதியும் உள்ள அந்தப் பக்கம் அரசு ஆவணமாக இருக்கும்.